எட்டடிச் சுவரின் அடியில்

கோலாலம்பூருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்று, பின்னர் செம்பனைக்கு இடம்விட்டு, இன்று அந்தச் செம்பனையும் பாதி அழிந்து வீட்டுமனைகளுக்காகக் காத்துக்கிடக்கும் ஒரு மேட்டு நிலத்தில், முன்னிரவு பெய்த மழையால் செம்மண் குழம்பாகிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பால்யம் முதல் சிநேகிதர்களான நாங்கள் நால்வரும், நாற்பத்தாறாவது வயதில், ஒருவரை ஒருவர் தோற்கடித்தே தீர்வது என்ற சங்கற்பத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

நால்வரும் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், ஒரே வகுப்பில், ஒரே நீண்ட பலகையில் அமர்ந்து படித்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு ஜனங்கள் நாலா பக்கமும் சிதறிப்போன பிறகு, ஒருவர் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டப் போனார், ஒருவர் மின்பணியாளரானார், ஒருவர் நாங்கள் படித்ததைப் போன்ற இன்னொரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார், நான் எழுதப் புகுந்தேன். கல்யாணங்களிலும் கருமாதிகளிலும் மட்டுமே சந்தித்துக்கொண்டிருந்த எங்களை மறுபடியும் ஒரு மைதானத்தில் கூட்டிவைத்தது, லாரி ஓட்டும் நண்பருக்குச் சர்க்கரை வியாதியைப் பற்றி வைத்தியர் விடுத்த எச்சரிக்கை. நடக்கச் சொன்னார் வைத்தியர். நண்பரோ, தனியாக நடப்பது தமக்கு வராதென்றும், தாண்டிப் போவதற்கு முன்னால் எவனாவது ஓடினால்தான் தம் கால் நகருமென்றும் சொல்லி, எங்கள் மூவரையும் இந்தத் தடைதாண்டும் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்படி நிர்ப்பந்தித்தார். கடைசியாக வருகிறவர் மற்ற மூவருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்பது பந்தயம். சோற்றின் விலை பெரிதல்ல. பள்ளி நாளிலிருந்து எங்களுக்குள் யார் பலசாலி, யார் நோஞ்சான் என்று நிலைத்துவிட்ட ஒரு வரிசை இருந்ததே, அது முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு பரீட்சைக்கு வந்தது என்பதுதான் விஷயம்.

தூரம் 5 கிலோமீட்டர், தடைகள் 20. நெடுந்தூரம் ஓடிப் பழகியவருக்கு ஐந்து கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. ஆனால் இவ்வகை ஓட்டத்தில் தூரம் என்பது, ஒரு சுமையை இறக்கிவைத்துவிட்டு அடுத்த சுமையிடம் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கக் கிடைக்கும் அவகாசமே. தூக்குதல், சுமத்தல், இழுத்தல், தொங்குதல், ஏறுதல் ஆகிய இவையே இதன் சாரம். ஓட்டக்காரன் முந்திக்கொண்டு வந்து கல்லின் முன்னே திகைத்து நிற்பதையும், பின்னால் தள்ளாடி வந்த பருமனான ஒருவர் அதே கல்லைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் வாரி எடுத்துக்கொண்டு நடப்பதையும் அன்று பலமுறை கண்டேன்.

தடைகளைத் தாண்டி ஓடுவதை வெறும் கேளிக்கையென்று எண்ணுகிறவர்கள், ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் விருத்தாந்தத்தை அறிந்துகொள்வது நலம். 1875-இல் பிறந்த எபேர், 1902 மே 8-ஆம் தேதி மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்கில் பெலே எரிமலை வெடித்து, சேன் பியேர் என்ற நகரம் சில நிமிஷங்களில் சாம்பலாகி, சுமார் 28,000 பேர் மாண்டுபோன அந்தக் கோர சம்பவத்தின்போது மீட்புப் பணியில் ஈடுபட்டார் என்றும், அவருடைய பிரயத்தனத்தால் எழுநூறு பேர் வரை காப்பாற்றப்பட்டனர் என்றும் அவருடைய வரலாற்றை எழுதுவோர் கூறுவர். பிறரைக் காப்பாற்ற வேண்டிய ஒரு கணத்தில் உடம்பு சொன்னபடி கேட்காவிட்டால் தைரியத்தாலும் கருணையாலும் மட்டும் என்ன பயன் என்ற கேள்வி அதன்பிறகு அவரை விடவேயில்லை. பயன்படுவதற்காகப் பலம் பெறவேண்டும் என்பதையே தம் கொள்கையாக வகுத்துக்கொண்டு, நடத்தல், ஓடுதல், தாவுதல், கையும் காலும் ஊன்றித் தவழ்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் என்ற பத்து வகைகளில் மனித சரீரத்தின் இயற்கையான காரியங்களையெல்லாம் அடக்கி, அவற்றுக்கேற்ற தடைகளைத் திறந்தவெளியில் அமைத்து, ஒரு பயிற்சி முறையை உண்டாக்கினார். நான் அன்று தாண்டிய இருபது தடைகளில் பெரும்பாலானவை அந்தப் பத்தில் ஏதேனும் ஒன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

எபேரின் வழி பிரெஞ்சுப் படைகளின் பயிற்சியில் கலந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1946-இல், ஆன்ரி தெப்ரூ என்ற பிரெஞ்சு அதிகாரி தொடங்கிவைத்த ராணுவ ஐந்திறப் போட்டியில், 500 மீட்டருக்குள் 20 தடைகள் என்ற பாதை ஓர் அங்கமாயிற்று; தேர்ந்த வீரர்கள் அதை இரண்டரை நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பாசறைக்குள் இருந்த இந்த வித்தையைச் சாமானிய ஜனங்களுக்குத் திறந்துவிட்டவர்களில் முன்னோடியென்று சொல்லத்தக்கவர், இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே தம் பண்ணையில் 1987-இல் ‘டஃப் கை’ என்ற போட்டியை நடுங்கும் குளிர்காலத்தில் நடத்தத் தொடங்கிய பில்லி வில்சன். அதற்குப் பிறகு 2010-இல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜோ டி சேனா ‘ஸ்பார்ட்டன்’ ஓட்டத்தைத் தொடங்கினார். அதன் குறுகிய வகைகளுள் ஒன்றான ‘ஸ்பிரிண்ட்’ என்பதற்கு உரியவைதாம் இந்த ஐந்து கிலோமீட்டரும் இருபது தடைகளும். மலேசியா உட்படப் பல தேசங்களுக்கு அந்த மரபு பரவிவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், நவீன ஐந்திறப் போட்டியில் 1912 முதல் இருந்துவந்த குதிரையேற்றம் நீங்கி, அந்த ஸ்தானத்தில் தடைதாண்டும் ஓட்டம் அமரப்போகிறது.

இனி எங்கள் பயிற்சியைச் சொல்கிறேன். மூன்று மாதங்கள், வாரத்தில் மூன்று நாள், ஆசிரியர் பணிபுரியும் பள்ளிக்குப் பின்னால் உள்ள திடலில் கூடினோம். முதல் நாள், சிறுவர்கள் விளையாடும் இரும்புக் கம்பியில் ஒருவர்பின் ஒருவராகத் தொங்கிப் பார்த்தோம். லாரி நண்பரால் இருபது வினாடிக்குமேல் தாங்க முடியவில்லை, நான் இருபத்தைந்து, மின்பணியாளர் நாற்பது. சிறுவயதில் மூச்சிரைப்பால் வருஷத்தில் பாதி நாள் பள்ளிக்கு வராமல் லயத்துத் திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆசிரியர், சத்தமில்லாமல் ஒரு நிமிஷத்துக்குமேல் தொங்கினார்.

அந்த நிமிஷத்தில் விளங்கிய ஒன்றை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பலம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே பொருளன்று. விரல்களை மடக்கும் தசைகளிற் பெரும்பகுதி விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலுள்ள முன்கையில் இருக்கின்றன. இறுகப் பற்றித் தொங்கும்போது அந்தத் தசைகள் தங்களுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தாங்களே நெருக்கிவிடுவதால், உள்ளே வருகிற இரத்தம் குறைந்து, முன்கை கல்லாய்ச் சமைந்து, புத்தி பிடிக்கச் சொன்னாலும் விரல் தானே திறந்துகொள்கிறது. ஆகையால் கைதேர்ந்தவர்கள் இரண்டு கைகளாலும் ஒருசேரப் பிடித்துக்கொண்டிராமல், ஒரு கையைத் தளரவிட்டு உதறி, அதற்கு இரத்தம் திரும்பிய பிறகே மறு கைக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். தோளும் தொடையும் எவ்வளவு பருத்திருந்தாலும், உடம்பின் எடை முழுவதும் வந்து நிற்பது அந்த முன்கையில்தான். எங்கள் பலசாலிக்குத் தூக்க வேண்டியது எங்களைவிட முப்பது கிலோ அதிகம். எங்கள் நோஞ்சானுக்கு எங்களைவிடவும் குறைவு. முப்பத்தைந்து வருஷமாக ஒரு மனிதனை நோஞ்சான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதைப் பற்றி அன்று நாங்கள் ஒருவரும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் பயிற்சி முறையைச் சொல்கிறவர் ஆசிரியராகிவிட்டார்.

புறப்பாட்டுக் கோட்டை அடைவதற்கே ஒரு சிறு சுவரைத் தாண்ட வேண்டியிருந்தது. ஊதல் ஒலித்ததும் மின்பணியாளர் பறந்தார். முதல் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்த தாழ்ந்த மரத்தடுப்புகளையும், ஆறடிச் சுவரையும், கயிற்று வலையையும், முள்கம்பிக்கு அடியில் சேற்றில் உருண்டு செல்லும் இடத்தையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை ஒருவனை அழுக்காக்குமேயன்றி அடக்குவதில்லை. அவற்றைக் கடந்து மேட்டின் அடிவாரத்தில் வளைந்து திரும்பிய இடத்தில், கருங்கல் ஜல்லி நிரப்பிய வாளிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

வாளியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, எடுத்த இடத்தில் வைக்கவேண்டும். தோளில் ஏற்றக்கூடாது. அணைத்த வாளி கால்களை மறைத்துவிடுவதால் அடுத்த அடி எங்கே விழுகிறதென்று தெரியாது. விரல்கள் வாளியின் அடியில் கோத்துக்கொண்டு மெல்ல மெல்ல வழுக்கும். நான் மூன்றுமுறை இறக்கிவைத்தேன். மூன்றாம் முறை குனிந்து நின்றபோது, என் காலடியில் கிடந்த மண்ணின் நிறம் எனக்கு மிகவும் பரிச்சயமாய்த் தோன்றியது.

இதே மாதிரியான மேட்டில்தான் என் தாயார் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவி, வெயில் ஏறுவதற்குள் மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, காண்டாக் கட்டையின் இரு முனையிலும் இரண்டு வாளிகளைக் கட்டித் தோளில் ஏற்றி, சறுக்கும் சரிவுகளில் பால் தளும்பாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் சிந்தினால் கூலி குறையும். ஆகவே அவர் நடந்த நடையில் ஒரு விசேஷமான லயம் இருந்தது: முழங்கால் சற்று மடிந்து, இடுப்புக்கு மேலே உடம்பு அசையாமல், வாளிகள் மட்டும் மெல்ல ஊஞ்சலாடும். பள்ளி விடுமுறை நாட்களில் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த நடையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பலமென்றும் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, அடியைச் சிறிதாக்கி, அந்த நடையை நினைவிலிருந்து எடுத்து நடந்து பார்த்தேன். நாலாவது முறை இறக்கிவைக்காமல் கீழே வந்து சேர்ந்தேன்.

அடுத்து வந்த கல்லில் லாரி நண்பர் எங்கள் எல்லாரையும் தாண்டிவிட்டார். உருண்டையான அந்தக் கல்லை முதுகை வளைக்காமல், காலை அகட்டி உட்கார்ந்து, மடியில் ஏற்றி, அங்கிருந்து மார்புக்குக் கொண்டுபோய் எழுந்திருப்பதில் உள்ள சூட்சுமத்தை, எங்கள் ஊர்களில் இளவட்டக்கல் தூக்கினவர்கள் இதே கிரமத்தில்தான் அறிந்திருந்தார்கள். அவர் அதைச் செய்துவிட்டு எங்களைத் திரும்பிக்கூடப் பாராமல் நடந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூட நாட்களிலும் அந்த முதுகுக்குப் பின்னால்தான் நாங்கள் ஓடினோம்.

எட்டடிச் சுவருக்கு வந்தோம். இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். இவ்வோட்டங்களில் பரிசுக்காக ஓடும் பிரிவினர் ஒருவருக்கொருவர் கைகொடுக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தம் பலத்தாலேயே தாண்டவேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஓடும் பொதுப் பிரிவிலோ கைகொடுக்கலாம். ஒரே சுவர், இரண்டு தர்மங்கள். கைகொடுத்து ஏற்றிவிட்டால் அது போட்டியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், சுவரைக் கட்டியவன் நெஞ்சில் இருந்தது ஒருவன் உயரமா, இருவர் உயரமா என்பதே கேள்வி. எட்டடி என்பது ஒருவனுடைய உயரமன்று. எபேர் தம் மாணவர்களைப் பலப்படுத்தியதும் இப்படிப்பட்ட சுவர்களை மனத்தில் வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லாரி நண்பர் எங்களுக்கு முன்பே வந்திருந்தும் சுவரின் அடியில் நின்றிருந்தார். இரண்டுமுறை பாய்ந்து விளிம்பைப் பிடித்தும், ஈரமான மரத்தில் காலூன்ற வழியில்லாமல் விழுந்திருந்தார். மின்பணியாளர் தாமாகவே ஏறிச் சுவரின்மேல் கவிழ்ந்து படுத்துக் கையை நீட்டினார். நான் இன்னொருவரின் தயவால் ஏறி மறு கையை நீட்டினேன். கீழேயிருந்து உந்துவதற்கு ஆசிரியர் ஒருவர்தான் மீதி. அவர் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, இரு உள்ளங்கைகளையும் கோத்துப் படிபோல் வைத்துக்கொண்டு, “ஏறுடா” என்றார்.

“நீ தாங்கமாட்டே” என்றார் லாரி நண்பர்.

“பேசாம ஏறு.”

நாங்கள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஒரு மழைநாளில், மூச்சிரைப்பு வந்து நடக்க முடியாமல் நின்ற இவரைத்தான், அந்தப் பருமனான பையன் முதுகில் தூக்கிக்கொண்டு, பெருக்கெடுத்த காட்டாற்றுப் பாலத்தைத் தாண்டி லயத்து வாசலில் இறக்கிவிட்டான். அது எங்கள் நால்வருக்கும் ஞாபகமிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொண்ணூற்றெட்டுக் கிலோ எடையைச் சுமந்த ஒரு சேற்றுக்கால் அவர் உள்ளங்கையிலும், மறுகால் அவர் தோளிலும் ஏறியது. ஆசிரியரின் கழுத்து நரம்புகள் கயிறாய்ப் புடைத்தன, கால்கள் நடுங்கின, மடங்கவில்லை. நாங்கள் இருவரும் மேலேயிருந்து இழுத்தோம். நண்பர் மேலே வந்துவிட்டார். ஆசிரியர் பத்தடி பின்வாங்கி, ஓடிவந்து சுவரில் ஒரு காலை உதைத்து, யார் கையையும் தொடாமல் ஏறி மறுபுறம் குதித்து, நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையிலேயே மண்பாதையில் ஓடி மறைந்தார்.

அவர் காத்திருக்கவில்லை. அதை நான் குறையாக எண்ணவில்லை. காத்திருந்தால்தான் குறையாக எண்ணியிருப்பேன். மூன்று மாதம் பயிற்சி செய்தது ஒருவரையொருவர் ஜெயிப்பதற்காக; சுவரில் கிடைத்த தாமதத்தை ஈடுகட்டும் உரிமை அவருக்கு இருந்தது.

கயிற்றின் அடியில் நான் வந்து சேர்ந்தபோது, மேலே மணியடிக்கும் சத்தம் கேட்டது, ஆசிரியர் இறங்கிக்கொண்டிருந்தார். கயிறு ஏறுவதில் கைக்குள்ள பங்கைவிடக் காலுக்குள்ள பங்கு பெரிது. ஒரு பாதத்தின்மேல் கயிற்றைப் போட்டு மறு பாதத்தால் அழுத்திப் பூட்டிக்கொண்டால், தளைநாரைக் காலில் பூட்டிப் பனையேறுபவரைப் போல, நின்று நின்று ஏறலாம். சேற்றில் ஊறிய கயிற்றில் பூட்டு நிற்பதுதான் கடினம். லாரி நண்பர் பாதிக்குமேல் ஏறி, அசையாமல் சிறிது நேரம் தொங்கி, பிறகு உள்ளங்கை காந்தக் காந்தச் சறுக்கி வந்தார். நான் மணிக்கு இரண்டு சாண் கீழே என் முன்கை கல்லாகி, விரல் தானாகத் திறப்பதை வேடிக்கை பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

தவறினவர்களுக்குத் தண்டனை முப்பது பர்ப்பி. தற்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக ஒரு சுற்றுப்பாதையை ஓடச்செய்கிறார்கள். நாங்கள் ஓடிய இடத்தில் பழைய சம்பிரதாயமே இருந்தது. குந்தி, கையூன்றி, காலைப் பின்னே எறிந்து, மார்பு தரையைத் தொட்டு எழுந்து, கையை உயர்த்தித் துள்ளவேண்டும். ராயல் பர்ப்பி என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், ஒருவனுடைய சரீர நிலையை விரைவில் அளந்தறிவதற்கென்று 1930-களில் இதன் ஆதி வடிவத்தை வகுத்தார். நான்கே முறை செய்வித்து இருதயத் துடிப்பைக் கணக்கிடுவதுதான் அவர் முறை. முப்பது செய்யும்போது இருதயத்தை எண்ணவேண்டிய அவசியமில்லை; காதிலேயே கேட்கிறது.

எனக்கு முன்பே தொடங்கியிருந்த லாரி நண்பர் பக்கத்தில் நானும் படுத்தேன். முன்னே போய்க்கொண்டிருந்த ஆசிரியர் ஒரு கணம் தயங்கி எங்களைத் திரும்பிப் பார்த்தார். “நிக்காதேடா, போ!” என்று நண்பர் தரையில் முகம் பதிந்த நிலையிலேயே கத்தினார். ஆசிரியர் போனார். சுவரைப் போன்றதன்று இது. இங்கே யாரும் யாருக்கும் தோள்கொடுக்க முடியாது. எங்களைக் கண்காணிக்கவும் யாரும் இல்லை. இருபத்திரண்டாவதில் தம் மார்பு தரையைத் தொடவில்லை என்று தாமே சொல்லிக்கொண்டு, நண்பர் அதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடியும் செய்தார். அந்த ஒரு எண்ணைக் கேட்ட பிறகு, என்னுடையதில் ஒன்றைக்கூட அரைகுறையாகச் செய்ய என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவர் முப்பதை முடித்து எழுந்தபோது நான் இருபத்தாறில் இருந்தேன். குனிந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினார்.

அந்த நான்கு எண்ணிக்கையை என்னால் கடைசிவரை மீட்க முடியவில்லை. ஈட்டி எறிதலில் இலக்குத் தவறி முதலிடத்தை இழந்த மின்பணியாளர் இரண்டாவதாகவும், லாரி நண்பர் மூன்றாவதாகவும் வந்தார்கள். ஆசிரியர் எங்களுக்கெல்லாம் முன்னால் முடிவுக்கோட்டு நெருப்பைத் தாண்டி, கழுத்தில் பதக்கத்தோடு, பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தோளில், சட்டை கிழிந்த இடத்தில், சேற்றில் ஒரு முழுப் பாதத்தின் அச்சு காய்ந்துபோயிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு நான் பணம் கொடுத்தேன். நால்வருக்கும் சோற்றைப் பிசைந்து கவளமாக்க விரல் மடங்கவில்லை.

மாலையில் தாயாரைப் பார்க்கப் போனேன். அவருக்கு வயது எழுபத்திரண்டு. பதக்கத்தைக் கையில் கொடுத்தேன். எடையைப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். உள்ளங்கையில் என்ன காயமென்று கேட்டார். கயிற்றைப் பற்றியும், சுவரைப் பற்றியும், கல் நிரப்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறியதைப் பற்றியும் சொன்னேன். வாளியென்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தன நடை?” என்றார். 

“ஒரு நடைம்மா.”

அவர் என் கையை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து, தேங்காயெண்ணெய் எடுத்துவர உள்ளே போனார்.